உரிய கருவி இல்லாதபோது: பற்றவைப்பில் செய்யத் தக்கதும் தகாததும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்வாக்கைப் பலரும் துணிவுக்கு மட்டுமே மேற்கோளாக எடுத்துக்கொள்கின்றனர். புல்லை ஆயுதமாக்குவதற்குத் துணிவு மட்டும் போதாது; எந்தப் புல், எந்த வேளையில், எந்தக் காரியத்திற்கு என்னும் அறிவும் வேண்டும். அவ்வறிவு உடையவனையே முன்னோர் வல்லவன் என்றனர்.

கிராமங்களில் வாழும் நம் சங்க அங்கத்தினர்களுக்கு இவ்வறிவு நாள்தோறும் தேவைப்படுகிறது. பாவு ஏற்றிய தறியில் ஓர் இரும்புறுப்பு முறிந்தால், நெசவாளரின் கூலி அன்றே நின்றுவிடுகிறது. பயிர் வாடும் பருவத்தில் பம்புசெட்டு நின்றால், விவசாயியின் ஆறு மாத உழைப்பு ஒரு வாரத்தில் கருகுகிறது. நகரத்துக் கம்பெனியிலிருந்து உரிய உதிரிப் பாகமோ உரிய கருவியோ வந்து சேரும்வரை பயிரும் காத்திராது, வயிறும் காத்திராது. ஆகவே சாலையோரத்துப் பட்டறையை நாடுகிறோம். அங்கே உள்ள ஒரு பற்றவைப்பு இயந்திரத்தைக் கொண்டே பத்துக் கருவிகளின் வேலையை வாங்க முயல்கிறோம். அம்முயற்சியில் எது தக்கது, எது தகாதது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடிவாரத்தில் ஒரு முள் ஊசி

திருவண்ணாமலைக்கு வரும் எவரும் செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்தைக் கண்டு செல்வர். 1896-ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்த ரமண மகரிஷி, மலைமேல் குகைகளில் வாழ்ந்து, 1922-க்குப் பின் மலையடிவாரத்தில் இப்போது ஆசிரமம் உள்ள இடத்தில் தங்கி, 1950 ஏப்ரல் 14-இல் மறைந்தார். அவர் மலைமேல் வாழ்ந்த காலத்துச் செய்தி ஒன்றை அவருடைய வரலாற்றைக் கூறும் நூல்கள் குறிப்பிடுகின்றன. அவருடைய கோவணம் கிழிந்திருந்தது. ஊசியும் இல்லை, நூலும் இல்லை; எவரிடமும் கேட்கவும் அவர் விரும்பவில்லை. ஒரு முள்ளை எடுத்து, மற்றொரு முள்ளால் அதன் அடியில் துளையிட்டு, அதனை ஊசியாக்கினார். அந்தத் துணியிலிருந்தே ஓர் இழையை உருவி நூலாகக் கொண்டு கிழிசலைத் தைத்துக்கொண்டார்.

இதன் சமயப் பொருளை ஆராய்வது நம் வேலை அன்று. நெசவாளர் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு தொழில் நுட்பம் இருக்கிறது. ஊசிக்குரிய குணங்கள் இரண்டு: நுனி கூர்மையாக இருத்தல், அடியில் துளை இருத்தல். முள்ளில் முதற்குணம் இயற்கையாகவே உள்ளது, இரண்டாவதை உண்டாக்கிக்கொள்ளலாம். நூல் அதே துணியின் இழையாதலால், பருமனும் வலிவும் துணிக்குப் பொருந்திவிடுகின்றன. தையல் பிரிந்தாலோ முள் ஒடிந்தாலோ ஒருவருக்கும் தீங்கு இல்லை. இல்லாத கருவியின் வேலை எதுவென்று தெளிதல், அவ்வேலைக்கு வேண்டிய குணம் கையிலுள்ள பொருளில் உண்டா என்று பார்த்தல், முயற்சி தவறினால் நேரும் நஷ்டம் எவ்வளவு என்று எண்ணுதல் ஆகிய மூன்று கேள்விகளும் இச்சிறு செயலில் அடங்கியுள்ளன. பட்டறையிலும் இம்மூன்றையுமே நாம் கேட்கவேண்டும்.

பற்றவைப்பு என்பது யாது?

வெல்டிங் என்று பட்டறைகளில் வழங்கும் தொழிலின் அடிப்படை எளிது. இரண்டு இரும்புத் துண்டுகளின் விளிம்புகளை உருக்கி, அவற்றோடு ஒரு கம்பியையும் உருக்கிச் சேர்த்து, மூன்றும் ஒன்றாக உறையும்படி செய்வதே அது. இரும்பு ஏறக்குறைய 1,540 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. அசிட்டிலின் வாயுவைப் பிராணவாயுவோடு கலந்து எரித்தால் 3,000 டிகிரிக்கு மேற்பட்ட சுவாலை கிடைக்கிறது; இது வாயுப் பற்றவைப்பு. மின்சாரத்தைக் கம்பி நுனிக்கும் இரும்புக்கும் இடையே பாயச் செய்தால் அதனினும் கடுமையான வெப்பமுடைய மின்வில் உண்டாகிறது, இது மின்பற்றவைப்பு.

மின்பற்றவைப்பில் பயன்படும் கம்பியின்மேல் ஒரு பூச்சு இருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருப்பர். அப்பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பைக் காற்றுத் தீண்டாதவாறு மூடிக்கொள்கிறது. அது இல்லையேல் பற்றவைத்த இடம் நுண்துளைகள் நிறைந்து பலமற்றுப் போகும். பூச்சுக் கம்பியை அமைத்த ஸ்வீடன் தேசத்து ஆஸ்கர் ஷெல்பெரி என்பார் அதனைக் கொண்டு 1904-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1904-ஆம் ஆண்டில்தான்.

உரிய பாகம் கிடைக்காத நெருக்கடியில் பற்றவைப்பு கைகொடுத்த வரலாறுகளில் பெரியது ஒன்று உண்டு. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, அந்நாட்டுத் துறைமுகங்களில் நூற்றுக்கு மேற்பட்ட ஜெர்மானியக் கப்பல்கள் முடங்கிக் கிடந்தன. அவை எதிரிக்குப் பயன்படலாகாது என்று கருதிய மாலுமிகள், பல கப்பல்களின் நீராவி இயந்திரங்களில் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்துவிட்டனர். புதிய சிலிண்டர்களை வார்த்துப் பொருத்த நெடுங்காலம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர்களோ உடைந்த பகுதிகளை இருந்த இடத்திலேயே மின்பற்றவைப்பாலும் ஒட்டுத் தகடுகளாலும் சீர்செய்து, சில மாதங்களிலேயே கப்பல்களை ஓடச் செய்தனர். பழுதுபார்க்கும் தொழிலில் மின்பற்றவைப்பின் மதிப்பை உலகம் உணர்ந்தது அதன் பின்னரே.

முறிந்த போல்ட்டும் ஒரு நட்டும்

இனி நம் ஊருக்கு வருவோம். சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும் வழியில், ரமணாசிரமத்திற்கு அப்பால் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் ஒரு நாள் நாம் தங்க நேர்ந்தது. மணிலாப் பயிரில் விழுது இறங்கும் பருவம். அங்கத்தினர் ஒருவர் தம் பம்பின் உடற்பகுதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மூடியைப் பிடிக்கும் போல்ட்டு துருவேறி, தலை முறிந்து, தண்டு உள்ளேயே தங்கிவிட்டது. முறிந்த தண்டைப் பிடுங்குவதற்கென்று தனிக் கருவி உண்டு; அஃது அப்பட்டறையில் இல்லை. துளையிட்டு எடுக்கலாமெனில், துளை சிறிது சாய்ந்தாலும் வார்ப்பிலுள்ள மரை கெட்டு, பம்பே வீணாகும்.

மேஸ்திரி முறிந்த தண்டின் முகத்தை அரத்தால் சுத்தம் செய்தார். அதன்மேல் ஒரு நட்டை நேராக வைத்தார். நட்டின் துளைவழியே மின்கம்பியை விட்டு, தண்டின் நடுவில் தொடங்கி, துளை நிரம்பும்வரை உருக்கி ஊற்றினார். தண்டும் நட்டும் ஒன்றாயின. கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் சிறிது எண்ணெய் விட்டு, ஸ்பானரை நட்டில் மாட்டி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். ஐந்தாறு அசைவில் தண்டு முழுவதும் வெளிவந்துவிட்டது.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? நம் கிராமத்துக் கொல்லர் வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டா ஏற்றுவதை நினைவுகொள்ளுங்கள். பட்டாவைக் காய்ச்சினால் விரிகிறது. ஆறினால் சுருங்கிச் சக்கரத்தை இறுக்குகிறது. முறிந்த தண்டும் அவ்வாறே காய்ந்தபோது விரிந்து தன்னைச் சுற்றியுள்ள துருவை நொறுக்கியது. ஆறியபோது சுருங்கிப் பிடி தளர்ந்தது. நட்டோ ஸ்பானருக்குப் பிடிமானம் தந்தது. இல்லாத கருவிக்குரிய இரண்டு வேலைகளும், அதாவது தளர்த்துதலும் பிடித்தலும், ஒரே செயலில் முடிந்தன. தண்டு வரவில்லையாயினும் பழைய நிலையே தவிரப் புதிய கேடு இல்லை. முள் ஊசிக்கு நாம் கூறிய மூன்று கேள்விகளுக்கும் இங்கே நல்ல விடை கிடைக்கிறது.

இவ்வகையில் இன்னும் சில

அதே தத்துவத்தில் அமைந்த வேறு முறைகளையும் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

பேரிங்கின் வெளிவளையம் அதன் கூட்டினுள் இறுகிக்கொண்டு வராதபோது, இழுப்பான் இல்லையெனில், வளையத்தின் உட்புறத்தைச் சுற்றி ஒரு வரி பற்றவைக்க வேண்டும். அவ்வரி ஆறும்போது வளையத்தைச் சுருக்குகிறது. ஆறியபின் வளையம் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். கழிக்கப்போகும் பழைய வளையத்திற்கே இம்முறை ஏற்றது. கூட்டின் சுவரில் மின்வில் படலாகாது.

முறிந்த தண்டுகளை ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளும் பிடிகருவி இல்லாதபோது, ஒரு நேரான ஆங்கிள் இரும்பைக் குப்புறக் கவிழ்க்காமல் வாய் மேல்நோக்க வைத்தால், அதன் பள்ளமே இரண்டு உருளைத் தண்டுகளையும் நேராகத் தாங்கும். முதலில் எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, நேராக உள்ளதா என்று பார்த்து, பிறகே முழுவதும் பற்றவைக்க வேண்டும். ஒரே பக்கம் தொடர்ந்து பற்றவைத்தால் அப்பக்கம் சுருங்கித் தண்டு வளைந்துபோகும்.

தேய்ந்த துளையையோ மெல்லிய தகட்டையோ அடைக்கும்போது உருகிய இரும்பு ஒழுகிவிடாமலிருக்க, பின்புறம் ஒரு செம்புத் தகட்டை அணைத்துப் பிடிக்கலாம். செம்பு வெப்பத்தை விரைந்து கடத்திவிடுவதால், இரும்பு அதில் ஒட்டாது. செம்புத் தகடு இல்லையெனில் பழைய செம்புக் குழாயை அடித்துத் தட்டையாக்கிக்கொள்ளலாம்.

வார்ப்பிரும்பைப் பற்றவைப்பதில் மிகுந்த பொறுமை வேண்டும். அது எளிதில் விரிசல்விடும் இயல்பினது. முன்னதாகக் கரியடுப்பில் சீராகக் காய்ச்சி, பற்றவைத்தபின் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து, ஓரிரவு மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீரில் தோய்ப்பது கூடவே கூடாது. காய்ச்சுவதற்கு வழியில்லையேல், நிக்கல் கம்பியைக் கொண்டு ஓர் அங்குலத்திற்கு மேற்படாத சிறு வரிகளாகப் பற்றவைத்து, ஒவ்வொரு வரியையும் சுத்தியால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும்வரை ஆறவிட்டு, பின்னர் அடுத்ததைத் தொடரலாம். பித்தளைக் கம்பியால் ஒட்டுவதும் ஒரு நல்ல வழியே. அதற்குக் குறைந்த வெப்பம் போதுமாதலால் விரிசலுக்கு இடம் குறைவு.

தேய்ந்த கலப்பைக் கொழுவின் விளிம்பில், கடினப் பூச்சுக்கென்று விற்கும் கம்பியால் வரி போட்டுக்கொண்டால், கொழு நெடுநாள் உழைக்கும். மணற்பாங்கான நிலமுடையோர் இதனால் நல்ல பயன் அடையலாம்.

நாம் செய்யவிருந்த பிழை

அதே பட்டறையில் அன்று நிகழ்ந்த மற்றொன்றையும் மறையாமல் கூறவேண்டும். நூலுக்குச் சாயமேற்றும் தொட்டி வேண்டும் என்று நெசவாளர் ஒருவர் ஒரு காலிப் பீப்பாயைக் கொணர்ந்திருந்தார். அதன் மேல்மூடியை வெட்டியெடுக்க வேண்டும். தகடு வெட்டும் கருவி இல்லை. வாயுச் சுவாலையால் இரண்டு நிமிடத்தில் வெட்டிவிடலாமே, காலியாகத்தானே இருக்கிறது என்று நாமே மேஸ்திரியிடம் கூறினோம். அடுத்த சங்கத்திற்குச் செல்லும் அவசரம் நமக்கு.

மேஸ்திரி பீப்பாயின் வாயருகே முகர்ந்து பார்த்தார். பிறகு தம் சட்டையின் இடக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. "ஐயா, நான் தொழில் பழகும்போது இப்படி ஒரு பீப்பாய்தான். எண்ணெய் நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய்தான் ஆளை அடிக்கும். எனக்குக் கையோடு போயிற்று; எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வீடு திரும்பவில்லை" என்றார். பட்டதாரி என்ற பெருமையோடு நின்ற நாம் வாய் பேசாது தலைகுனிந்தோம்.

அவர் கூறியது விஞ்ஞான உண்மை. பெட்ரோல் ஆவி காற்றோடு நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருக்கும்போது வெடிக்கும் தன்மையுடையது. நிறைந்த பீப்பாயில் காற்றுக்கு இடமில்லை. காலிப் பீப்பாயிலோ அடியிலும் மடிப்புகளிலும் ஒட்டிய சில துளிகள் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றோடு கலந்து, தீப்பொறிக்குக் காத்திருக்கின்றன. டீசல், வார்னிஷ், தின்னர் முதலியவற்றுக்கும் இதுவே. கனமான எண்ணெய்கூடச் சுவாலையின் வெப்பம் பட்டால் ஆவியாகும். ஆகையால் வாசனை இல்லை என்று துணிவதும் தவறு.

மேஸ்திரி அப்பீப்பாயைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரால் பன்முறை அலம்பச் செய்து, ஏறக்குறைய விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, உளியும் சுத்தியும் கொண்டு மூடியை வெட்டியெடுத்தார். அரைமணி நேரம் கூடுதலாயிற்று. அவ்வளவே நஷ்டம். பூச்சிமருந்து இருந்த பீப்பாயாயின் அதனை எவ்வளவு அலம்பினாலும் சாயத்திற்கும் தண்ணீருக்கும் கொள்ளலாகாது என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறோம்.

மாற்றுப் பொருள் கூடாத இடங்கள்

பீப்பாய்ப் பாடம் நமக்கு ஓர் எல்லையை வகுத்துத் தருகிறது. வேலைக்கருவி இல்லாதபோது மாற்றுக்கருவி தேடலாம். காப்புக்கருவி இல்லாதபோது வேலையை நிறுத்திவிட வேண்டும். இவ்வெல்லையைத் தாண்டலாகாத இடங்கள் வருமாறு.

முதலாவது, கண். மின்வில்லிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்கள் வீசுகின்றன. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி அவ்வொளிக்குப் போதாது. சாதாரண மின்பற்றவைப்புக்குப் பத்தாம் எண் கறுமையுள்ள கண்ணாடி பொருத்திய முகக்கவசமும், வாயுப் பற்றவைப்புக்கு ஐந்தாம் எண் கண்ணாடியும் வேண்டும். பற்றவைப்பவர் மட்டுமன்றி, பிடித்துக்கொள்ளும் பையனும் வேடிக்கை பார்ப்போரும் காக்கப்படவேண்டும். கதிர்பட்ட உடனே ஒன்றும் தோன்றாது. சில மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தி நீர் வடியும். அப்போது கைவைத்தியங்களை நாடாமல் கண் மருத்துவரிடம் செல்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன?

இரண்டாவது, வாயு. பிராணவாயு சிலிண்டரின் வாயிலோ அழுத்தமானியிலோ எண்ணெயும் கிரீசும் படவே கூடாது. மிகுந்த அழுத்தமுள்ள பிராணவாயு பட்டால் எண்ணெய் தானே தீப்பற்றும். காற்றடிக்கும் இயந்திரம் இல்லையென்று பிராணவாயுவால் டயருக்குக் காற்று ஏற்றுவதும், உடைகளின் தூசியை ஊதுவதும் உயிருக்கு உலைவைக்கும் செயல்கள். அசிட்டிலின் வாயுவைச் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தத்திற்குமேல் பயன்படுத்தலாகாது. அதன்மேல் அது தானே வெடிக்கக்கூடியது. சிலிண்டருக்குள் அது அசிட்டோன் என்னும் திரவத்தில் கரைந்து நிற்பதால், சிலிண்டரைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ரப்பர்க் குழாய் பிய்ந்தால் செம்புக் குழாயை இடையில் செருகி இணைப்பது சிலர் வழக்கம். செம்பும் அசிட்டிலினும் சேர்ந்தால் அதிர்ந்தாலே வெடிக்கும் ஒரு பொருள் உண்டாகும். முன்னர்ப் பின்தகடாகப் போற்றிய அதே செம்பு இங்கே எமனாகிறது.

மூன்றாவது, மின்சாரம். பற்றவைப்பு இயந்திரம் இல்லாத இடத்தில், உப்புநீர்த் தொட்டியில் தகடுகளை அமிழ்த்தி, வீட்டு மின்சாரத்தை அதன் வழியே விட்டுப் பற்றவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. முறையான இயந்திரத்தினுள் இருக்கும் டிரான்ஸ்பார்மர், மின்கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தைப் பற்றவைப்பவர் கையிலிருந்து பிரித்து வைக்கிறது. உப்புநீர்த் தொட்டியோ அவ்வாறு பிரிப்பதில்லை. 230 வோல்ட் முழுவதும் நேரே கைக்கு வந்துவிடும். இதனை எந்த அவசரத்திற்கும் கைக்கொள்ளற்க. நல்ல இயந்திரமாயினும், ஈரக் கிணற்றடியிலும் வியர்வை நனைந்த உடையோடும் வேலை செய்வது ஆபத்து. கிணற்றினுள் இறங்கிப் பற்றவைத்தால் புகையும் வாயுவும் தேங்கி மூச்சடைக்கும். கூடியமட்டும் பழுதான உறுப்பைக் கழற்றி மேலே கொணர்ந்தே பற்றவைக்க வேண்டும்.

நான்காவது, தீ. நெசவுக்கூடத்தில் பஞ்சுத் தூசி எங்கும் படிந்திருக்கிறது. ஒரு பொறி அதில் விழுந்தால் உடனே சுடர்விடாமல் கனன்று, நாம் கதவைப் பூட்டிச் சென்றபின் பற்றிக்கொள்ளும். தறியுறுப்பைக் கழற்றி வெளியே கொண்டுசென்று பற்றவைப்பதே முறை. இயலாவிடில், சுற்றிலும் பெருக்கித் தண்ணீர் தெளித்து, மணலும் நீரும் அருகில் வைத்து, வேலை முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் ஒருவர் காவல் இருக்கவேண்டும். பற்றவைப்பவர் உடை பருத்தியாக இருத்தல் நன்று. பாலியெஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நம் கைத்தறித் துணிக்கு இங்கும் ஓர் உயர்வு இருப்பது நெசவாளர் அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஐந்தாவது, புகை. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால், மாலையில் குளிர்காய்ச்சல்போல் உடல் நடுங்கும். பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முதலில் அரத்தால் நீக்கி, காற்றோட்டமான வெளியிடத்தில் வேலை செய்தல் வேண்டும்.

இவற்றோடு ஒரு சிறு எச்சரிக்கை. மின்பற்றவைப்பின் பூமிக் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்திற்கு அருகிலேயே மாட்டவேண்டும். மோட்டாரின் ஒரு முனையில் கவ்வியை மாட்டி மறுமுனையில் பற்றவைத்தால், மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து குண்டுகளில் குழி விழச் செய்யும். டிராக்டரில் பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும் இன்றியமையாதது.

ஒட்டியது எத்துணை நாள் தாங்கும்?

பற்றவைத்த இடம் பளபளவென்று இருப்பதால் அது பழைய பலத்தைப் பெற்றுவிட்டது என்று எண்ணலாகாது. 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்துத் துறையில், ஷெனெக்டடி என்னும் புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றபடியே பெரும் ஓசையோடு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. அது முழுவதும் பற்றவைத்துக் கட்டப்பட்டது. பற்றவைப்பிலிருந்த சிறு குறையும், குளிரில் நொறுங்கும் இயல்புடைய எஃகும் சேர்ந்து அக்கேட்டை விளைவித்தன. தகடுகளை ஆணியடித்து இணைத்த கப்பலில், விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடக்கூடும். பற்றவைத்த கப்பலிலோ எல்லாத் தகடும் ஒரே உடலாகிவிடுவதால் விரிசல் தங்குதடையின்றி ஓடுகிறது.

ஆகையால், முறிந்தால் ஆளுக்குத் தீங்கு நேரும் உறுப்புகளை, அதாவது டிரெய்லரின் கொக்கி, வாகனத்தின் திருப்புக் கம்பிகள், பாரம் தூக்கும் சங்கிலி முதலியவற்றை, சாலையோரத்தில் ஒட்டவைத்துப் பயன்படுத்தலாகாது. கரிச்சத்து மிகுந்த எஃகாலான சுருள்வில்லும் பட்டைவில்லும் பற்றவைத்த இடத்தருகே மீண்டும் முறியும். பம்பின் மூடி, தறியின் மிதி, ஜக்கார்டுப் பெட்டியின் நெம்புகோல் போன்றவற்றை ஒட்டிக்கொள்ளலாம். அவற்றிலும் ஒட்டிய தேதியை வர்ணத்தால் எழுதிவைத்து, புதிய உறுப்பை உடனே வரவழைத்தல் நன்று. தற்காலிகம் என்று செய்ததை நிரந்தரமாக்கிக்கொள்வதே விபத்துகளுக்குப் பெரும்பாலும் வித்து.

சங்கம் செய்யக்கூடியது

1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் கூடிச் சங்கம் அமைத்தபோது, தனித்தனியே வாங்க இயலாததைச் சேர்ந்து வாங்குவதே அவர்கள் கண்ட வழி. முறிந்த போல்ட்டை எடுக்கும் கருவி, பேரிங் இழுப்பான், தகடு வெட்டும் கத்திரி, இரண்டு முகக்கவசங்கள், தோல் கையுறைகள் ஆகியவற்றை ஓர் அங்கத்தினர் தமக்கென வாங்கினால் ஆண்டில் இரண்டு நாள் பயன்படும். சங்கம் வாங்கி, பதிவேட்டில் கையொப்பம் பெற்று வாடகைக்குக் கொடுத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் பண்ணை இயந்திரங்களை வாடகைக்கு விடும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால், இஃது ஒன்றும் புதுமையன்று. நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் அருகருகே இருக்குமிடத்தில் இருவரும் கலந்தே இதனைச் செய்யலாம். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்து ஆலோசிப்பார்களாக.

அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் விருப்பமுடையோரை அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள ஓராண்டு வெல்டர் பயிற்சிக்கு அனுப்புவதும் நற்பயன் தரும். இத்தொழிலின் உயர்ந்த ஆராய்ச்சிக்கென்று 1975 முதல் நம் திருச்சிராப்பள்ளியிலேயே பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது என்பதை அறியும்போது, இதனைக் கரிபடிந்த கைத்தொழில் என்று எவரும் இகழார்.

அந்த மணிலாப் பயிருக்கு அன்று மாலையே தண்ணீர் பாய்ந்தது. சாயத்தொட்டியும் நெசவாளர் வீடு சேர்ந்தது. ஒரே மேஸ்திரி ஒரு வேலையை மாற்றுவழியில் முடித்தார். மற்றொன்றில், நாம் வற்புறுத்தியும், மாற்றுவழியை மறுத்தார். இரண்டிலும் அவர் வல்லவராகவே விளங்கினார். அவ்வறிவை அவர் ஒரு கையின் தோலும் ஓர் ஆசிரியரின் உயிரும் கொடுத்துப் பெற்றார். நாம் இப்பக்கங்களைப் படித்தே பெறலாம். அங்கத்தினர்கள் இதனைத் தங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்கும் படித்துக்காட்டி, அவர் அனுபவத்தையும் கேட்டறிய வேண்டுகிறோம்.